கச்சேரிக் கணக்கு கம்பனியில் செல்லாது: டேட்டா அனலிஸ்ட் புரமோஷன் அனுபவங்கள்

வாவிக்கரை (கல்லடி)

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் பெரிய டெக் கம்பனிகளில் டேட்டா அனலிஸ்ட்டாக (கம்பனியின் தரவை ஆராய்ந்து சொல்பவர்) சேர்வது இப்போது புதினமில்லை. இன்டர்வியூவுக்கு எஸ்கியூஎல் (தரவுத்தளத்திலிருந்து தரவு எடுக்கும் மொழி) எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உள்ளே போன பிறகு மேலே ஏறுவது எப்படி என்று கேட்டால் ஆளைக் காணோம். நான் பட்டதைச் சொல்கிறேன், மற்றவர்களும் சொல்லுங்கள்.

அப்பா கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இருந்தவர். அவருக்குப் பதவி உயர்வு என்றால் தரம் மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று. சேவைக்காலம் சரியாக இருக்க வேண்டும், வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சையில் பாஸ் பண்ண வேண்டும், வருடாந்தச் சம்பள ஏற்றம் தவறக் கூடாது. இவ்வளவும் இருந்தால் கடிதம் பிந்தினாலும் வந்து சேரும். அந்த முறையை நான் குறை சொல்லவில்லை. விதி எழுத்தில் இருக்கிறது, அநியாயம் நடந்தால் மேன்முறையீடு செய்யலாம்.

கம்பனியில் கதையே வேறு. நான் இருந்த அமெரிக்கக் கம்பனியில் (பெயர் வேண்டாம்) எங்கள் டீமிலேயே அதிக டிக்கெட் (மற்றவர்கள் கேட்டு அனுப்பும் வேலை) முடித்தது நான்தான். யார் ரிப்போர்ட் கேட்டாலும் அன்றைக்கே போகும். புரமோஷன் கிடைத்ததோ அதில் பாதிகூட முடிக்காத இன்னொருவருக்கு. கோபம் வராமல் இருக்குமா? மெனேஜரிடம் நேரே கேட்டேன். "உன் வேலைப் பட்டியல் நீளம்தான். ஆனால் அதனால் கம்பனி எந்த முடிவை மாற்றியது என்று மற்ற மெனேஜர்கள் கேட்டபோது, என்னிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை" என்றார். அந்த மற்றவர், பணத்தைத் திருப்பிக் கேட்கும் வாடிக்கையாளர்கள் பற்றி ஒரேயொரு ஆய்வு செய்திருந்தார். அதைப் பார்த்துத்தான் பணம் திருப்பிக் கொடுக்கும் விதியையே மாற்றினார்களாம்.

மறுகா அந்த மெனேஜரும் வேறு கம்பனிக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு நான் யாரென்றே தெரியாது, எல்லாம் முதலிலிருந்து. அந்த எரிச்சல் இன்னும் முழுதாகப் போகவில்லை.

கல்முனைப் பிள்ளை (இப்போது டப்ளின்)

அண்ணா, அந்த மெனேஜர் காரணத்தையாவது சொன்னாரே. பல பேருக்கு "அடுத்த முறை பார்ப்போம்" என்பதோடு முடிந்துவிடும்.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று: முடிவு எடுக்கும் அறையில் நாங்கள் இருப்பதில்லை. கெலிப்ரேஷன் என்பார்கள். பல டீம் மெனேஜர்கள் ஒன்றாக இருந்து, ஒரே லெவலில் உள்ளவர்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எங்களுக்காகப் பேசுவது மெனேஜரும், எங்களைப் பற்றி எழுதிய நாலு பக்கமும்தான். அமேசானில் இதற்கென்றே ஆவணம் தயாரிக்கிறார்கள். அவர்களுடைய 16 தலைமைத்துவக் கொள்கைகளுக்கு ஏற்ப உதாரணங்கள் வேண்டும், மேல் லெவலில் இருப்பவர்களின் கருத்தும் வேண்டும். 2004இலேயே உயர்மட்டக் கூட்டங்களில் பவர்பாயின்ட்டை நிறுத்திவிட்டு எழுத்தறிக்கைக்கு மாறிய கம்பனி அது. அங்கே எழுதத் தெரிந்த அனலிஸ்ட்டுக்கு மவுசு. கூகுள் 2022இல் முறையை மாற்றி ரேட்டிங்கை வருடத்துக்கு ஒன்றாக்கியது, புரமோஷன் மட்டும் வருடத்துக்கு இரண்டு முறை.

என் கதை. எங்கள் ஆப்பில் நினைவூட்டல் நோட்டிபிகேஷனைக் கூட்ட வேண்டும் என்று ப்ரொடக்ட் டீம் ஒற்றைக்காலில் நின்றது. ஏ/பி டெஸ்ட்டில் (ஒரு குழுவுக்குப் பழையபடி, இன்னொரு குழுவுக்குக் கூடுதலாக அனுப்பி ஒப்பிடுவது) கிளிக் கூடியது, எல்லாருக்கும் சந்தோஷம். நான் டெஸ்ட்டை உடனே மூட விடாமல் இன்னும் சில கிழமை ஓட விடச் சொன்னேன். நோட்டிபிகேஷனையே முழுதாக நிறுத்தியவர்களின் எண்ணிக்கை கூடுதலாக அனுப்பிய குழுவில் ஏறிக்கொண்டே போனது. ஒருமுறை நிறுத்தியவர் லேசில் திரும்பப் போடமாட்டார். ஆகவே இன்றைய கிளிக்குக்காக நாளைய ஆளை இழக்கிறோம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் திட்டம் வெளியாகவே இல்லை. ஒன்றும் வெளிவராத வேலையை எப்படிச் சாதனை என்று காட்டுவது என்று பார்த்தால், என் புரமோஷன் ஆவணத்தில் முதல் பந்தியே அதுதான். டாஷ்போர்ட் (எண்களை ஒரே திரையில் காட்டும் பக்கம்) எத்தனை கட்டினேன் என்பதை மெனேஜர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

மெனேஜர் மாறும் பிரச்சினைக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, வெள்ளிக்கிழமைகளில் குறித்து வைப்பது. யார் என்ன கேட்டார், நான் என்ன கண்டேன், அதைவைத்து யார் என்ன முடிவெடுத்தார், அந்த ஈமெயிலின் லிங்க். இது இருந்தால் புதியவர் வந்தாலும் கையில் கொடுக்கலாம்.

சம்மாந்துறை காக்கா (சிங்கப்பூர்)

தங்கச்சி சொன்னது எல்லாம் சரி. ஏணியே குட்டையாக இருந்தால் என்ன செய்வது?

பல கம்பனிகளில் அனலிஸ்ட் என்ற பெயரோடு சீனியர் வரை போகலாம், அதற்கு மேல் படி இல்லை. நான் அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றேன். சேரும்போதே லெவல் என்ன, அந்தப் பாதை எதுவரை போகிறது என்று கேளுங்கள். பெயரை நம்ப வேண்டாம். லிஃப்ட் (Lyft) என்ற வாடகைக் கார் கம்பனி 2018இல் தன்னுடைய டேட்டா அனலிஸ்ட்டுகளை டேட்டா சயன்டிஸ்ட் என்று மாற்றியது, ஏற்கெனவே டேட்டா சயன்டிஸ்ட்டாக இருந்தவர்கள் ரிசர்ச் சயன்டிஸ்ட் ஆனார்கள். மெட்டாவில் (முந்தைய ஃபேஸ்புக் கம்பனி) ப்ரொடக்ட் அனலிட்டிக்ஸ் பார்ப்பவரும் டேட்டா சயன்டிஸ்ட்தான். அமேசானில் பிசினஸ் அனலிஸ்ட் ஒரு பாதை, பிசினஸ் இன்டெலிஜன்ஸ் என்ஜினியர் இன்னொரு பாதை. மைக்ரோசாஃப்டில் பெயருக்குப் பின்னால் 59, 61, 63 என்று எண் இருக்கும், சம்பளம் அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

நான் உள்ளுக்குள்ளேயே அனலிட்டிக்ஸ் என்ஜினியர் (தரவை ஆய்வுக்கு ஏற்றபடி ஒழுங்காக்கித் தருபவர்) பக்கம் மாறினேன். லெவல் அதேதான், சம்பளமும் கூடவில்லை, வாப்பாவுக்கு விளக்கவே முடியவில்லை. ஆனால் அந்தப் பாதையில் மேலே படிகள் இருந்தன.

ஒலுவில் மாணவன் (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்)

ஊரில் இருந்தே ரிமோட்டாகச் செய்தால் புரமோஷன் கிடைக்குமா? கேட்டு வாங்குவது மரியாதை இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

வாவிக்கரை (கல்லடி)

தம்பி, ரிமோட்டில் கிடைக்கும், ஆனால் பிந்தும். கல்லடியில் இரவு 9 மணி என்றால் சியாட்டிலில் காலை 8.30, குளிர்காலத்தில் 7.30. அவர்கள் கோப்பியோடு நின்று பேசிக்கொள்ளும் நேரத்தில் நீ படுக்கப் போயிருப்பாய். பெரிய வேலைகள் அந்தப் பேச்சில்தான் கைமாறும். அதனால் கிழமையில் ஒரு நாளாவது இரவில் முழித்திருந்து, உன் மெனேஜர் அல்லாத மேல் லெவல் ஆட்களோடு வேலை செய். கருத்து எழுதப் போவது அவர்கள்தான். மழைக்காலத்தில் கரண்ட் போகும், மாற்று இணைப்பு ஒன்று கட்டாயம்.

கல்முனைப் பிள்ளை (இப்போது டப்ளின்)

கேட்பதில் மரியாதைக்கேடு ஒன்றும் இல்லை தம்பி. என் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். "எனக்குப் புரமோஷன் தாருங்கள்" என்று கேட்காதே. "அடுத்த லெவலுக்கு என்னிடம் என்ன குறைகிறது, எந்த வேலையில் அதைக் காட்டலாம்?" என்று கேள். பதில் வாயால் வந்தால், "நான் விளங்கிக்கொண்டது இது, சரியா?" என்று அன்றைக்கே ஈமெயில் போடு.

சம்மாந்துறை காக்கா (சிங்கப்பூர்)

ரிவியூ நேரத்தில் போய்க் கேட்காதே. அதற்குள் புரமோஷனுக்கான பெயர்கள் மேலே போய்விடும். நிதியாண்டு எப்போது முடிகிறது என்று பார், மைக்ரோசாஃப்டுக்கு ஜூன் 30, கூகுளுக்கும் அமேசானுக்கும் டிசம்பர் 31. அதற்கு ஆறு மாதம் முன்னரே தங்கச்சி சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டுவிடு.