உதவி தேவை: ‘நாரையின் கீழ் நிற்க வேண்டாம்’ – கிரேனுக்குத் தமிழில் என்ன எழுதுவது?

உவர்மலையான்:
திருகோணமலையில் இறங்குதுறை ஒன்றுக்கு எச்சரிக்கைப் பலகைகள் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அவசரத்தில் ஆங்கில வாசகத்தைக் கணினி மொழிபெயர்ப்பில் போட்டேன். ‘நாரையின் கீழ் நிற்க வேண்டாம்’ என்று வந்தது. அப்படியே அச்சாகியும் விட்டது. பையன்கள் அதன் அடியில் கரித்துண்டால் ‘எச்சமிடும்’ என்று சேர்த்துவிட்டார்கள். அடுத்த பலகை இன்னும் மோசம்: ‘கவணைப் பரிசோதிக்கவும்’. இயந்திரத்துக்கும் நாரைக்கும் என்ன உறவு? பாரந்தூக்கி என்பதா, பளுதூக்கி என்பதா? திங்கட்கிழமைக்குள் திருத்த வேண்டும்.

சொற்பித்தன்:
உறவு மிகப் பழையது. கிரேக்கத்தில் ‘கெரானோஸ்’ என்றால் நாரை. பாரம் தூக்கும் பொறியும் அதுவே. பிரெஞ்சு ‘க்ரூ’வும் அப்படித்தான். எல்லாம் அந்த நீண்ட கழுத்தால் வந்த வினை. நம் கிணற்றடித் துலாவுக்கும் கழுத்து நீளம்தான், ஆனால் நம்மவர்களுக்குத் தராசு நினைவு வந்திருக்கிறது. பளுதூக்கி வேண்டாம், விளையாட்டு வீரர் வந்து நிற்பார். இலங்கையில் பாரந்தூக்கி எல்லோருக்கும் புரியும்.

உவர்மலையான்:
சிங்களத்தில் ‘தொம்பகரய’ என்று இருக்கிறதே, அது எந்தப் பறவை?

சொற்பித்தன்:
பறவையே இல்லை, ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். அவர்களுடைய ‘தொம்மெக்ராக்த்’ என்பது ஜாக்கி. பிரித்தால் ‘மூடபலம்’! நம் கோட்டையை 1665இல் திருத்திக் கட்டியவர்களின் மொழி.

பழைய துறைமுகத்தான்:
தம்பி, கப்பலில் இருப்பதை நாங்கள் டெரிக் என்போம். அது 1600 அளவில் லண்டனில் தூக்கிலிடும் வேலை பார்த்த அலுகோசின் பெயர். முதலில் தூக்குமரத்துக்கு ஒட்டியது, பிறகு பாரம் தூக்கும் மரத்துக்குத் தாவியது.
ஆனால் உங்கள் பலகையில் பிழை நாரை மட்டுமல்ல. ஆளை நசுக்குவது தொங்கும் பாரம். கம்பி வடத்தில் ஓர் இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். கையுறையில் கொளுவும்போதுதான் தெரியும். ஆகவே பாரத்தைப் பற்றி எழுதுங்கள். பாரத்தைச் சுற்றிக் கட்டித் தூக்கும் வடமான ‘சிலிங்’ என்பதைச் சிலிங் என்றே விடுங்கள். கவண் என்றால் குருவி அடிக்கப் போய்விடுவார்கள்.

உவர்மலையான்:
நன்றி ஐயா. ‘தொங்கும் பாரத்தின் கீழ் நிற்க வேண்டாம்’, ‘தூக்குமுன் சிலிங்கைச் சரிபார்க்கவும்’ என்று கொடுத்துவிட்டேன். நாரைப் பலகையைத் தேநீர்க் கடைக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.