எடை குறைக்கும்போது பசியை எப்படிச் சமாளித்தீர்கள்?

எடை குறைக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு முதல் இரண்டு வாரம் உற்சாகத்துக்குக் குறைவே இருக்காது. மெஷினில் ஏறும்போதெல்லாம் எண் இறங்கியிருக்கும். அப்போது இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீர். உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜனாக மாற்றிக் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது, அதில் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சாப்பாடு குறைந்ததும் முதலில் செலவாவது அந்தக் கையிருப்புதான். அது தீர்ந்த பிறகு கொழுப்பு கரைகிற வேகத்தில்தான் எடை இறங்கும். அந்த வேகம் மெதுவானது, பசியோ கூடிக்கொண்டே போகும். நான் பார்த்தவரை ஆட்கள் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். விட்டதும் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை." என் தங்கை அப்படிச் சொல்லி அழுததைப் பார்த்ததிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன்.

என் விஷயத்துக்கு வருகிறேன். ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, எடையைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது என்று டாக்டர் சொல்லி ஒரு டயட்டீஷியனிடம் அனுப்பினார். என்னென்ன சாப்பிடக்கூடாது என்று பட்டியல் வரும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் முதலில் கேட்டது, "ஒரு நாளில் எத்தனை மணிக்குப் பசி தாங்க முடியாமல் போகிறது?" என்றுதான். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து படுக்கும் வரை என்றேன். "அப்படியென்றால் பகலில் நீங்கள் சாப்பிடுவது போதவில்லை. ராத்திரி சாப்பிடுவதை இப்போதைக்குத் தொட வேண்டாம், காலையையும் மதியத்தையும் சரி செய்வோம்" என்றார். எனக்கு வியப்பாக இருந்தது. எடை குறைக்க வந்தவளைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்று ஒருவர் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

அப்புறம் அவர் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் நடத்தியது. உடலும் மனமும் நன்றாக இருந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் சாப்பாட்டை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள். அவர்களுக்கு எடை நான்கில் ஒரு பங்கு போனது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர்களுடைய பேச்சும் கனவும் சாப்பாட்டைச் சுற்றியே ஆகிவிட்டது, சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள், எரிச்சலும் சோர்வும் வந்தன, எதிலும் ஆர்வம் இல்லாமல் போனது. இத்தனைக்கும் எல்லாரும் தாங்களாகவே முன்வந்தவர்கள், உறுதியானவர்கள். "பசித்த உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும். இதில் உங்கள் குணத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை" என்று டயட்டீஷியன் சொன்னபோது எனக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

அவர் செய்யச் சொன்னது எளிமையானது. ஒவ்வொரு வேளையும் முதலில் புரதத்துக்கு ஒரு இடம், முட்டையோ மீனோ பயறோ தயிரோ, அவரவர் வழக்கப்படி. தட்டில் பாதி காய்கறி. மாவுச்சத்து உண்டு, ஆனால் கடைசியில்தான் தட்டுக்கு வரும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, புரதத்திலும் மாவுச்சத்திலும் 4, காய்கறியில் பெரும்பகுதி தண்ணீரும் நாருமாக இருப்பதால் தட்டு நிறையச் சாப்பிட்டாலும் கலோரி கொஞ்சம்தான். எனக்கு வேண்டிய புரத அளவை என் எடைக்கும் ரிப்போர்ட்டுக்கும் ஏற்றபடி அவரே கணக்குப் போட்டுக் கொடுத்தார். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது, இதை நான் அழுத்திச் சொல்கிறேன். சில வாரங்களில் அந்த மாலைப் பசி அடங்கியது. நான் அதை அடக்கவில்லை, வயிறு நிறைந்திருந்ததால் அது வரவில்லை, அவ்வளவுதான்.

உங்களுக்குப் பசி எப்போது வந்தது, யார் என்ன சொன்னார்கள், எது உதவியது என்று எழுதுங்கள்.

* * *

அக்கா, மாலைப் பசி என்று படித்ததும் என் நைட் ஷிஃப்ட் ஞாபகம் வந்தது. எனக்கு அதிகாலை மூன்று மணிக்கு வரும் பசி இருக்கிறதே, அது வேறு ரகம். இனிப்பு, உப்பு, பொரித்தது தவிர வேறு எதையும் கேட்காது. கூட வேலை பார்க்கும் ஒரு அண்ணன் மட்டும் அந்த நேரத்தில் வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார். எப்படி அண்ணா முடிகிறது என்று கேட்டேன். "நீ பகலில் எவ்வளவு நேரம் தூங்குகிறாய்?" என்று திருப்பிக் கேட்டார். ஐந்து மணி நேரம் இருக்கும் என்றேன். "முதலில் அதைச் சரி பண்ணு, சாப்பாட்டை அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

அவர் சொன்னது உண்மைதானா என்று தேடிப் படித்தேன். 2004இல் வெளியான ஒரு ஆய்வில், ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்கையில் இருக்க விட்டார்கள், இன்னொரு முறை பத்து மணி நேரம். தூக்கம் குறைந்தபோது போதும் என்று சொல்கிற லெப்டின் ஹார்மோன் 18 சதவீதம் குறைந்திருந்தது, பசியைத் தூண்டுகிற கிரெலின் ஹார்மோன் 28 சதவீதம் கூடியிருந்தது. இனிப்பு, உப்பு, மாவுச்சத்து மேல்தான் ஆசை அதிகமாகக் கூடியதாம். மூன்று மணிக்கு எனக்கு நடப்பது அப்படியே அதுதான்! சிறிய ஆய்வு என்று தெரியும், ஆனாலும் படித்தபோது என்னை யாரோ புரிந்துகொண்ட மாதிரி இருந்தது.

ஜன்னலுக்குக் கனமான திரை போட்டேன். வீட்டில் எல்லாரிடமும் பேசி, பகலில் அவசரம் இல்லாமல் என்னை எழுப்பக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். தூக்கம் ஏழு மணி நேரம் வந்த பிறகுதான் டப்பா கொண்டுபோகும் பழக்கமே நிலைத்தது. பாக்கெட் தீனியை முழுக்க விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பசித்த வயிற்றோடு அதன் பக்கம் போவதில்லை. எடை மெதுவாகத்தான் இறங்குகிறது. ஒரு சந்தேகம் அக்கா: ஷிஃப்ட்டுக்கு முன்னால் ஒரு வேளை, நடுவில் ஒரு வேளை, முடிந்து வந்து ஒரு வேளை என்று சாப்பிடுகிறேன். இதில் எது பெரியதாக இருக்க வேண்டும்?

* * *

நான் உங்கள் எல்லாரையும்விட வயதில் மூத்தவளாகத்தான் இருப்பேன். பசியைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது பேச்சு. சாப்பாட்டைக் குறைத்தால் "ஒரு வாய் கூடச் சாப்பிட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்பார்கள், எடை குறைந்தால் "முகமே வாடிப்போச்சே, உடம்புக்கு ஏதாவது வியாதியா?" என்பார்கள். இதற்கு நடுவில் என் வீட்டுக்காரர், பாவம், நல்ல எண்ணத்தில்தான், தினமும் காலையில் "இன்றைக்கு எவ்வளவு குறைந்தது?" என்று கேட்பார். குறைந்த நாளில் சந்தோஷமாகப் பதில் சொல்வேன். கூடிய நாளில் அன்றைய சாப்பாடே எனக்கு வேண்டாம் என்று ஆகிவிடும், சாயங்காலம் அதற்கும் சேர்த்துச் சாப்பிடுவேன். முதல் நாள் உப்புக் கூடியிருந்தாலே தண்ணீர் தங்கி மெஷின் ஒரு கிலோ கூடக் காட்டும், மாதவிடாய் சமயத்திலும் அப்படித்தான். இதெல்லாம் ஒரு நர்ஸ் எனக்கு விளக்கிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. "தினமும் பார்த்து மனசு கெடுகிறது என்றால் வாரத்துக்கு ஒரு நாள் பாருங்கள் அம்மா, கூடவே இடுப்பை டேப் வைத்து அளந்து எழுதுங்கள்" என்றார். தினமும் பார்த்தால்தான் பிடிமானம் வருகிறது என்பவர்களும் உண்டு, அவர்களை நான் தடுக்க மாட்டேன்.

வீட்டுக்காரரிடம் ஒரு நாள் நேராகவே சொன்னேன்: "எவ்வளவு குறைந்தது என்று கேட்காதீங்க, என் கூட நடக்க வாங்க." வந்தார். இப்போது மழை பெய்தால் ஒழிய அவர்தான் முதலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். நடையால் மட்டும் பெரிதாக எடை குறையாது என்று எனக்குத் தெரியும், ஆனால் நடந்துவிட்டு வந்த நாளில் மனசு தெளிவாக இருக்கிறது, அதனால் சாப்பாடும் ஒழுங்காக இருக்கிறது.

ஒரு வேளை அதிகமாகச் சாப்பிட்டுவிட்டால் அடுத்த வேளை வழக்கம்போல, அதற்குத் தண்டனையாகப் பட்டினி கிடையாது. லண்டனில் பழக்கம் எப்படிப் படிகிறது என்று 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்றை என் மகள் படித்துக் காட்டினாள். ஒரு பழக்கம் தானாக நடக்கும் அளவுக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனதாம், ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லையாம். அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

* * *

முதலில் எழுதிய சகோதரி சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. வயிறு நிறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது எனக்கு நடக்கவில்லை. எனக்குப் பசியே அதிகம் இல்லை, ஆனாலும் எடை இறங்கவில்லை. எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சமைக்கும்போது ருசி பார்ப்பது, குழந்தைகள் மிச்சம் வைப்பது, இனிப்புப் பானங்கள், தாராளமாக ஊற்றும் எண்ணெய், இது எதுவுமே என் கணக்கில் வந்ததில்லை. 1992இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை என்று சொன்ன 10 பேரை அளந்து பார்த்தார்கள், உண்மையில் சாப்பிட்டதைவிட சராசரியாக 47 சதவீதம் குறைவாகச் சொல்லியிருந்தார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. மனிதர்களால் இதைக் கண்ணால் மட்டும் அளக்க முடியாது. எனக்கு ஊக்கம் தருவது அந்த நோட்டுப் புத்தகம்தான், எண்களைப் பார்த்தால் எனக்குப் பயம் போய்விடுகிறது.

ஜிம்மில் ஒரு டிரெய்னர் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தச் சொன்னார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொன்ன பிறகும் அதையேதான் சொன்னார். நல்லவேளை, செய்வதற்கு முன்னால் டாக்டரைக் கேட்டேன். இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும், முதலில் மருந்தின் அளவை மாற்ற வேண்டும் என்றார். தயவுசெய்து யாரும் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம், மாவுச்சத்தைக் குறைப்பதா கொழுப்பைக் குறைப்பதா என்ற சண்டைக்கும் 2018இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை வைத்து ஒரு வருடம் பார்த்துவிட்டார்கள். மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 6 கிலோ இறங்கியது, கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு 5.3 கிலோ, பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கத்திலும் நிறையக் குறைத்தவர்களும் இருந்தார்கள், கூடியவர்களும் இருந்தார்கள். எதை நம்மால் வருடக்கணக்கில் சாப்பிட முடியுமோ அதுதான் நமக்கு.

* * *

அண்ணா, நீங்கள் எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. நோட்டுப் புத்தகம் சிலருக்குத் துணை, சிலருக்கு அதுவே பாடாய்ப் படுத்தும். என் தங்கைக்கு எண்ணைப் பார்த்தாலே பதற்றம் வரும், அதனால் அவளுக்கு நான் அதைச் சொல்வதில்லை, அவள் தட்டை மட்டும் பார்க்கிறாள். எண்ணெய் விஷயம் உண்மை, எங்கள் வீட்டில் கரண்டியால் அளந்து ஊற்ற ஆரம்பித்தோம்.

அம்மா, உங்கள் வீட்டுக்காரர் செருப்போடு நிற்பதைப் படித்து மனசு நிறைந்துவிட்டது.

எவ்வளவு குறைத்தால் போதும் என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தார்கள். என் டாக்டர் எனக்கு வைத்த இலக்கு சிறியது. 2002இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்றைச் சொன்னார். சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்தவர்களுக்கு எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதும்தான் இலக்கு. அந்தக் குழுவில் புதிதாகச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோ இருப்பவருக்கு 7 சதவீதம் என்றால் 5.6 கிலோ. கல்யாண போட்டோவில் இருந்த எடைக்குத் திரும்ப வேண்டும் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும், ஐந்தரை கிலோ என்றால் இன்றைக்கே காய்கறி நறுக்கத் தோன்றுகிறது.

தம்பி, நீங்கள் கேட்டதை டயட்டீஷியனிடமே கேட்டுவிட்டேன். ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் முன் சாப்பிடுவதுதான் பெரிய வேளையாக இருக்கட்டும், அதில் புரதமும் காய்கறியும் நிறைய வையுங்கள் என்றார். நடுராத்திரி டப்பா சிறியதாக, எளிதில் செரிப்பதாக, பொரித்தது இல்லாமல். முடிந்து வந்ததும் பசியோடு படுத்தால் தூக்கம் கெடும், அதனால் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். டீயும் காபியும் ஷிஃப்ட்டின் முதல் பாதியோடு நிற்க வேண்டும், இல்லையென்றால் காலையில் கண் மூடாது என்று சொன்னார். இரண்டு வாரம் அப்படிச் செய்து பார்த்துவிட்டு, மூன்று மணிப் பசி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.