புதுப்பிப்பு: சோதனையை நிறுத்தி வெளியிட்டுவிட்டோம்

கடைகளுக்கான எங்கள் பில்லிங் மென்பொருளின் புதிய பதிப்பில் 3 வாரச் சோதனைக்குப் பிறகும் பிழைகள் வந்துகொண்டே இருந்ததால், எந்த நாளில் நிறுத்துவது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் வெளியீட்டு நடைமுறையைப் பார்க்கச் சொன்ன நண்பருக்கு மனமார்ந்த நன்றி. அங்கே புதிய வசதிகளைச் சேர்க்க ஏறத்தாழ 2 வாரங்கள் மட்டுமே. அதன்பின் வாரம் ஒரு முன்வெளியீடு (சோதித்துப் பார்ப்பதற்கான பதிப்பு) வந்து, பெரும்பாலும் ஏழாவதுக்குப் பிறகும், நிலைமை சரியில்லையென்றால் எட்டாவதுக்குப் பிறகும், இறுதிப் பதிப்பு வெளியாகிறது.

நாங்களும் முதலில் புதிய வசதிகளை அடியோடு நிறுத்தினோம். பிழைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதை விட்டு, கணக்கு தவறுகிறதா, தரவு அழிகிறதா, முன்பு வேலை செய்தது இப்போது கெட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தோம். அப்போதுதான், சேமித்த பில்லைத் திறந்து அளவை மாற்றி மீண்டும் சேமித்தால் தள்ளுபடி இரண்டு முறை கழிவது தெரிந்தது. 500 ரூபாய் பில்லில் 50 ரூபாய்க்குப் பதில் 100 ரூபாய் போய்விடும். அதைத் திருத்தியபோது ரசீது அச்சு கெட்டது. திருத்தமே புதிய பிழையைக் கொண்டுவரும் நிலையில் வெளியிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து என்பதால், மேலும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டோம்.

திங்களன்று 2 கடைகளில் மட்டும், பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியோடு நிறுவினோம். எழுத்துரு தொடர்பான 3 சிறு பிழைகள் இன்னும் உள்ளன. அவற்றை வெளியீட்டுக் குறிப்பில் வெளிப்படையாக எழுதியிருக்கிறோம்.