பக்கவாதத்துக்குப் பின் கைப்பயிற்சி: ரோபோ எக்சோஸ்கெலிட்டன் பயன் தருமா?

கேள்வி:
என் தந்தைக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. வலக்கையைத் தூக்க முயன்றால் முழங்கை தானாக மடங்கி, விரல்கள் இறுகிக்கொள்கின்றன. கையில் பூட்டி இயக்கும் ரோபோ எக்சோஸ்கெலிட்டன் பயிற்சிக்குச் சேமிப்பைச் செலவிடலாமா? அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
நான் இயன்முறை மருத்துவர். சூரிச்சில் உருவான ஆர்மின் என்ற கருவி, தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகிய மூட்டுகளைத் தாங்கிப் பிடித்து, நோயாளி தானே அசைக்க முயலும்போது தேவைப்படும் அளவுக்கே துணைவிசை தருகிறது. சுவிட்சர்லாந்தின் நான்கு மையங்களில் 77 பேரைக் கொண்டு நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இக்கருவியுடன் எட்டு வாரங்கள் பயின்றவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். ஆனால் அந்த வேறுபாடு, கையின் இயக்கத்திறனை மதிப்பிடும் 66 புள்ளிகள் கொண்ட அளவையில் ஒரு புள்ளிக்கும் குறைவு. இதற்காகக் கடன் வாங்காதீர்கள் என்றே சொல்வேன்.

மறுமொழி 2:
பிரிட்டனில் 770 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதில் பயன்பட்டது எக்சோஸ்கெலிட்டன் அன்று, கையால் பற்றி நகர்த்தும் ரோபோ. மூன்று மாத முடிவில், அன்றாடச் செயல்திறனில் வழக்கமான சிகிச்சையைவிட அது மேம்பட்டதாக இல்லை.

மறுமொழி 3:
என் தாயாருக்குக் கருவிப் பயிற்சி அளித்தோம். திரையில் பந்தை நகர்த்தியவர், வீட்டில் டம்ளரைப் பிடிக்கத் தடுமாறினார். பிறகு அதே டம்ளரில் கால்பங்கு நீர் ஊற்றி, இடக்கையால் மணிக்கட்டைத் தாங்கியபடி, தினமும் காலையும் மாலையும் தூக்கிப் பழகினார். தோளில் வலி இருந்தால், முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டு இப்பயிற்சியைத் தொடங்குங்கள்.