மவுண்ட்: ‘ஏற்று’ வேண்டாம், ‘பொருத்து’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மென்பொருளைத் தமிழாக்கும்போது, வலையமைப்பில் இருக்கும் கோப்பு வழங்கியை (சர்வரை) மேசைக்கணினியில் மவுண்ட் (mount) செய்வதற்கு, அதாவது அதிலுள்ள கோப்புகளை நம் கணினியின் ஒரு கோப்புறையில் தெரியவைப்பதற்கு, ‘ஏற்று’ என்று எழுதிவருகிறோம். பழகிவிட்ட சொல், மாற்ற வேண்டாம் என்று இருவர் எழுதியிருந்தார்கள். போன மாதம்வரை நானும் அந்தப் பக்கம்தான். இப்போது மனம் மாறியிருக்கிறேன், காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சிறிய பதிப்பகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். மூலையில் ஒரு லினக்ஸ் வழங்கி, அதில் சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள். நூல்களின் மெய்ப்புகள் எல்லாம் அதில்தான். மற்றக் கணினிகள் அந்தப் பகிர்வுக் கோப்புறையைத் திறந்து வேலை செய்கின்றன. மெய்ப்புத் திருத்தும் அம்மையாருக்குத் தமிழ் இடைமுகம் வைத்துக் கொடுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை திரையில் “பகிர்வு ஏற்றப்பட்டது” என்று செய்தி வந்தது. அதைப் படித்தவர் மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். மறுநாள் காலை தொலைபேசியில் அழைத்தார்: “ஏற்றியாகிவிட்டது என்று அதுவே சொன்னதே தம்பி, இங்கே வந்து திறந்தால் ஒரு பக்கம்கூட இல்லையே?”

அவர் வாழ்நாளெல்லாம் பிழை திருத்தியவர். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே படிப்பவர். அவர் படித்ததில் தவறில்லை. தவறு நம் சொல்லில் இருக்கிறது.

லாரியில் மூட்டையை ஏற்றினால் அதற்குப் பிறகு மூட்டை லாரியில்தான் இருக்கும். நிரலை நினைவகத்தில் ஏற்றுகிறோம், படத்தை இணையத்தில் பதிவேற்றுகிறோம். இரண்டிலும் ஒன்று ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வந்து சேர்கிறது. மவுண்டில் எந்தக் கோப்பும் இடம் மாறுவதில்லை. கோப்புகள் வழங்கியிலேயே கிடக்கின்றன. நம் அடைவு மரத்தில், அதாவது கிளைகிளையாகப் பிரியும் கோப்புறை அமைப்பில், ஒரு கிளைக்கு அவற்றைப் பார்க்கும் வழி கிடைக்கிறது, அவ்வளவுதான். கோப்பைத் திறக்கும்போதுதான் வேண்டிய பகுதி கம்பி வழியாக வருகிறது. கம்பியைப் பிடுங்கினால் எல்லாம் போயிற்று. விண்டோஸ் இதற்கே இசட் என்று ஓர் இயக்கக எழுத்தைக் கொடுக்கிறது. அங்கும் அது தன் கணினிக்குள் இருக்கும் வட்டு என்று நம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சலவை இயந்திரம் அளவு இருந்த இயக்ககங்களில் வட்டுத் தொகுதியைக் கையால் தூக்கி வைத்துப் பொருத்திய காலம் அது. பொருத்திய பிறகு, இன்ன வட்டு இன்ன அடைவில் தெரிய வேண்டும் என்று கணினிக்குக் கட்டளை கொடுப்பார்கள். 1971-ல் வெளியான யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பிலேயே இது இருந்தது. 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம், வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் (NFS) முறையை உருவாக்கியபோது கையில் தூக்க ஒன்றும் இல்லை. வட்டு வேறொரு கணினியில் இருந்தது. ஆனாலும் சொல் அப்படியே நின்றுவிட்டது. ஆகவே அகராதியைத் திறந்து ‘ஏறுதல்’ என்ற முதல் பொருளை எடுத்தது நமக்கு உதவவில்லை. அந்தக் கை செய்த வேலைக்கு எது தமிழ் என்று கேட்டிருக்க வேண்டும்.

‘இணை’ என்று ஒரு நண்பர் பரிந்துரைத்தார். நல்ல சொல்தான், ஆனால் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. கோப்பு மேலாளரில் முகவரியைக் கொடுத்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சொல்லி உள்ளே போவது ‘வழங்கியுடன் இணை’. இணைந்த பிறகு அதற்கு நம் மரத்தில் ஓரிடம் கொடுப்பது அடுத்த செயல். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால், எதில் கோளாறு என்று பிழைச் செய்தியால் சொல்லவே முடியாது.

என் மனத்துக்கு மிகவும் பிடித்தது ‘பூட்டு’. வண்டியில் மாட்டைப் பூட்டுகிறோம், ஏர் பூட்டுகிறோம்; வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுகிறோம். பூட்டு, அவிழ் என்ற இந்த இணையைப் போல் அழகானது கிடைக்காது. ஆனால் ஒருவர் திறந்திருக்கும் கோப்பை இன்னொருவர் திருத்தாமல் இருக்க, கோப்பு வழங்கியே பூட்டு ஒன்றைப் போடுகிறது. அதே திரையில் அந்தப் பூட்டும் இந்தப் பூட்டும் வந்தால் குழப்பம்தான். வருத்தத்தோடு அதை விடுகிறேன்.

மிஞ்சுவது ‘பொருத்து’. எதிர்ச்சொல் ‘கழற்று’. குழாய், மின்விளக்கு, சக்கரம் என்று எல்லாவற்றுக்கும் அன்றாடம் சொல்கிற இணை இது. வீட்டில் குழாயைப் பொருத்தினால் மேலே இருக்கும் தொட்டி அடுப்படிக்கு வந்துவிடுவதில்லை. திறந்தால் தண்ணீர் வருகிறது. மவுண்டும் அப்படித்தான்.

‘பொருத்தம்’ என்ற சொல்லோடு குழம்பும் என்ற மறுப்பு வரும். பொருந்துவது தன்வினை, பொருத்துவது பிறவினை. தேடும் சொல் பொருந்தியது என்றும் பகிர்வைப் பொருத்தினோம் என்றும் எழுதும்போது இலக்கணமே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடுகிறது. பெயர்ச்சொல்லாக ‘பொருத்தல்’ என்று மட்டும் எழுதுவோம்; ‘பொருத்தம்’ வேண்டாம்.

மவுண்ட் செய்யும் அடைவுக்குப் ‘பொருத்துமிடம்’ போதும். ‘பொருத்துமுனை’ என்று எழுதியிருந்தார்கள். முனை என்றதும் கூர் நினைவுக்கு வருகிறது, அங்கே இருப்பதோ ஓர் அடைவு. இதிலும் ஓர் அனுபவம் உண்டு. வழங்கி அணைந்திருந்த ஒரு நாள், காலியாகத் தெரிந்த பொருத்துமிடத்திலேயே ஒருவர் மூன்று அத்தியாயங்களைச் சேமித்துவிட்டார். வழங்கி வந்ததும் பகிர்வு அதன்மேல் வந்து அமர, அத்தியாயங்கள் காணாமல் போயின. ‘ஏற்றியதால் அழிந்துவிட்டது’ என்று அவர் பதறினார். சுவரில் மாட்டியிருந்த படத்தின் மேலேயே அலமாரியைப் பொருத்திவிட்டோம், கழற்றினால் படம் தெரியும் என்றேன். கழற்றிக் காட்டினேன், மூன்றும் இருந்தன.

செய்திகளில் வைத்துப் பார்த்தேன். “பகிர்வு பொருத்தப்பட்டது.” “கழற்ற முடியவில்லை: கோப்புறை பயன்பாட்டில் உள்ளது.” “தொடங்கும்போது தானாகப் பொருத்து.” மூன்றும் நாவில் தடங்கலின்றி வருகின்றன. அம்மையாரிடம் முதல் வரியை மட்டும் படித்துக் காட்டி, இப்போது மடிக்கணினியை ஊருக்குக் கொண்டுபோனால் கோப்பு இருக்குமா என்று கேட்டேன். “பொருத்தினது இங்கேதானே, அங்கே எப்படி இருக்கும்?” என்றார்.

மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘ஏற்று’ வரும் இடங்களைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். நினைவகத்தில் ஏற்றுவதும் அதே சொல்லில் கலந்திருப்பதால் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். பாதியை யாராவது எடுத்துக்கொண்டால் இந்த வாரமே முடித்துவிடலாம்.