எஸ்ஸவீராவில் சமையல் விடுமுறை: எப்போது போகலாம், எதைக் கற்கலாம்?

கேள்வி: மொராக்கோவின் எஸ்ஸவீராவில் கடலோர வில்லாவில் ஐந்து நாள் சமையல் வகுப்பு. எந்த மாதம் சரி? ஊர் திரும்பிய பிறகும் கைகொடுக்கிற மாதிரி எதைக் கற்கலாம்?

பதில் 1: கோடையில் அங்கே காற்று சுழற்றியடிக்கும், மாடியில் கரியடுப்பில் தீ நிற்காது. அக்டோபர் நல்லது. மராகேஷிலிருந்து பஸ்ஸில் சுமார் 3 மணி நேரம்.

மீன் தஜீனை (கூம்பு மூடி போட்ட மண்சட்டியில் வேகும் குழம்பு; சட்டிக்கும் அதே பெயர்தான்) அவசியம் கேளுங்கள். கிலோ மீனுக்கு ஒரு கட்டு மல்லித்தழை, 4 பல் பூண்டு, 2 டீஸ்பூன் சீரகத்தூள், 2 டீஸ்பூன் பாப்ரிகா, எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய், இதுதான் ஷெர்மூலா என்கிற மசாலா. மீன் இதில் ஒரு மணி நேரம் ஊறட்டும். சட்டியின் அடியில் கேரட் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, அதன்மேல் மீனை வையுங்கள். இல்லாவிட்டால் தோல் அடிப்பிடித்துப் பிய்ந்துவிடும். உப்பில் ஊறிய எலுமிச்சையை அலசி, தோலை மட்டும் போடுங்கள். அலசாமல் போட்டால் குழம்பு கரித்துவிடும்.

பதில் 2: கூஸ்கூஸை (கோதுமை ரவையில் செய்த சிறு மணிகள்) விட்டுவிடாதீர்கள். வெந்நீர் ஊற்றி மூடிவைப்பது அவசர வழி. முறையாக மூன்று தடவை ஆவியில் வேகவைத்து, நடுநடுவே தாம்பாளத்தில் கொட்டி, தண்ணீர் தெளித்து உதிர்க்க வேண்டும். அடியில் கொதிக்கும் பாத்திரமும் மேலே மணிகள் வேகும் ஓட்டைப் பாத்திரமும் சேரும் இடத்தில் ஈரத்துணி சுற்றாவிட்டால் ஆவி பக்கவாட்டில் போய்விடும், மணிகள் வேகாது.

பதில் 3: தஜீன் வாங்கினால் வண்ணம் தீட்டியது வேண்டாம், அது பரிமாறத்தான். மெருகிடாத மண்சட்டியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துப் பழக்குங்கள். கேஸ் அடுப்பில் நேராக வைத்தால் விரிசல் விடும். தோசைக்கல்லின் மேல் வைத்துச் சிறு தீயில் சூடாக்குங்கள்.