மறு: ஃபோரன்சிக் சைக்காலஜிக்குத் தமிழ்ச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம். நாம் தொகுக்கும் கலைச்சொல் பட்டியலில் ஃபோரன்சிக் சைக்காலஜிக்கு, அதாவது வழக்குகளில் நீதிமன்றத்துக்கு உதவும் உளவியலுக்கு, என்ன சொல் வைப்பது என்று வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘தடயவியல் உளவியல்’ என்றே வைத்துவிடலாமே? தடயவியல் எல்லோருக்கும் பழகிய சொல்தானே?

பழகிய சொல்தான், அதுதான் சிக்கல். தடயவியல் என்றதும் கைரேகை, இரத்தக்கறை, தோட்டா என்று மனம் போய்விடும். ஃபோரன்சிக் சைக்காலஜி துறையினரின் வேலை பெரும்பாலும் வேறு. குற்றம் சாட்டப்பட்டவரோடு உட்கார்ந்து பேசுவார்கள். வழக்கு என்னவென்று அவருக்குப் புரிகிறதா, தன் வக்கீலுக்கு விவரம் சொல்ல முடிகிறதா என்று பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவார்கள். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கிலும் அவர்களைக் கூப்பிடுவதுண்டு. அங்கே தடயத்துக்கு என்ன வேலை?

‘ஃபோரன்சிக்’குக்கு மூலச்சொல்லான ‘ஃபோரம்’, லத்தீனில் ஊர்ப் பொதுவிடம். வழக்குகளை விசாரித்ததும் அங்கேதான். நம் ‘மன்றம்’ கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் ‘மன்ற உளவியல்’ என்றால் ரசிகர் மன்றத்தைப் பற்றிய ஆய்வு என்று நினைத்துவிடுவார்கள்! ‘நீதிசார் உளவியல்’ நீதிக்கதை வாடை அடிக்கிறது. ஆகவே என் ஓட்டு ‘நீதிமன்ற உளவியல்’ என்பதற்கு.

> ஆய்வு, நடைமுறை இரண்டுக்கும் ஒரே சொல் போதாதா?

சிலர் அப்படித்தான் ஆள்கிறார்கள். நான் பிரிப்பேன். 1974-இல் லாஃப்டஸ், பால்மர் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, என்ன வேகம் இருக்கும் என்று மாணவர்களைக் கேட்டார்கள். ஒரு குழுவிடம் கார்கள் ‘இடித்தபோது’ என்றும், இன்னொரு குழுவிடம் ‘நொறுங்க மோதியபோது’ என்றும் கேள்வி. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு முதல் குழுவில் 50 பேரில் 7 பேர், இரண்டாவதில் 50 பேரில் 16 பேர் ஆமாம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. இந்த ஆய்வு ‘சட்ட உளவியல்’. இதை வைத்து ஒரு சாட்சியின் நினைவை எவ்வளவு நம்பலாம் என்று வல்லுநர் கூண்டில் ஏறி விளக்கினால், அது ‘நீதிமன்ற உளவியல்’.

அப்புறம், இப்படிப் பிறகு கேட்ட சொல் நினைவை மாற்றிவிடும் விளைவுக்குப் பட்டியலில் உள்ள ‘தவறான தகவல் விளைவு’ எனக்குப் பிடிக்கவில்லை. தவறானது தகவலா, விளைவா? நிகழ்ச்சிக்குப் பிறகு காதில் விழுந்தது நினைவைத் திரிக்கிறது. அதனால் ‘பின்தகவல் திரிபு’ என்கிறேன்.

இன்னொன்று. பட்டியலில் ‘மனநலத் தகுதி’ என்று ஒரே பதிவு இருக்கிறது. அதை இரண்டாக்க வேண்டும். விசாரணையை எதிர்கொள்ள இன்று முடியுமா என்பது ‘விசாரணைத் தகுதி’. செய்த வேளையில் செய்வது இன்னதென்று தெரிந்திருந்ததா என்பது ‘குற்றநேர மனநிலை’. மனநோயால் குற்றப் பொறுப்பு நீங்குமா என்பதற்கு இங்கிலாந்தில் வகுத்த 1843-இன் மெக்நாட்டன் விதிகள் பேசுவது இதைத்தான். முதலாவதில் தேறாதவர் இரண்டாவதில் தெளிவாகவே இருந்திருக்கலாம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் அறிக்கை படிப்பவர் குழம்பிப்போவார்.

சந்தேக நபரை வேறு சிலரோடு நிறுத்திச் சாட்சியை அடையாளம் காட்டச் சொல்லும் லைன்-அப்புக்கு ‘அடையாள அணிவகுப்பு’ ஏற்கெனவே புழங்குகிறது. அதைத் தொட வேண்டாம்.